இராணுவத்தில் இருந்த நம்மவர்களின் பெயர்ப் பட்டியலை இனி அனுப்பாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வாசிக்க நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஆறுதலாக வாருங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கொமண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

அந்தப் போஸ்டர் மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. பின்னால் தேசியக்கொடி, அதன்மேல் சீருடை அணிந்த நம்மவர்களின் படங்கள், கீழே "நாங்களும் இந்த நாட்டுக்காக இரத்தம் சிந்தியவர்கள்" என்று ஒரு வரி. எங்காவது ஒரு கடை எரிந்தால், ஒரு பள்ளிவாசலுக்குக் கல் விழுந்தால், ஓர் அரசியல்வாதி வாய்க்கு வந்தபடி பேசினால், மறுநாள் காலையில் எல்லா வட்ஸ்அப் குழுவிலும் இது வந்து நிற்கும். நாங்கள் மட்டும் யோக்கியர் என்று சொல்லவில்லை. 2019 மே மாதம், ஊரடங்கு நேரத்திலேயே மினுவாங்கொடையில் நம்மவர் கடைகள் எரிந்த அந்த வாரம், நாங்களும் இதைச் சிங்களம் தெரிந்த நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பியவர்கள்தான். ஒருவர்கூடப் பதில் போடவில்லை என்பது வேறு கதை.

இந்த முறை போஸ்டருக்குக் கீழே ஒரு சகோதரர், அவரும் ஆசிரியர்தான், இப்படி எழுதியிருந்தார்: "எங்கட ஆக்களுக்கென்று தனி ரெஜிமென்ட் ஒன்று இருந்திருந்தால் எவனாவது கை வைத்திருப்பானா?" அதற்கு விழுந்த இதயங்களை எண்ண முடியவில்லை. நற்பிட்டிமுனையில், சந்திக்குச் சந்தி தமிழரும் முஸ்லிமும் கலந்து வாழும் ஓர் ஊரில், படித்தவர்கள் இதயம் போட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

சகோதரரே, தனி ரெஜிமென்ட் இருந்தது. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, மூன்று தலைமுறைக்கு இருந்தது. நாங்கள் பாடசாலையில் படிக்கும்போதும், பிறகு கல்வியியல் கல்லூரியில் பயிற்சி எடுக்கும்போதும் ஒருவரும் இதை எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பிறகுதான் பேராசிரியர் பி.ஏ. ஹுசைன்மியாவின் 'ஒராங் ரெஜிமென்' என்ற நூலைப் பற்றித் தெரியவந்தது. இலங்கை மலாயரைப் பற்றிய நூல் அது. தலைப்பே அவர்களைப் 'ரெஜிமென்ட் ஆட்கள்' என்றுதான் அழைக்கிறது.

ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்தும் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் முஸ்லிம் சிப்பாய்களையும், நாடுகடத்திய அரச குடும்பத்தாரையும் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். 1796 இல் கரையோரம் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது இந்தச் சிப்பாய்களும் சேர்ந்தே கைமாறினார்கள். ஆள் மாறவில்லை, எசமான் மாறினான். மலாயரைக் கொண்ட படை, இலங்கையின் முதலாம் ரெஜிமென்ட் ஆனது. இந்தியச் சிப்பாய்களுக்கு வேறு, ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களுக்கு வேறு ரெஜிமென்ட்கள் இருந்தன. (அந்த ஆபிரிக்கரின் வழிவந்தவர்கள் புத்தளத்துச் சிரம்பியடியில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றியும் நமக்கு ஒருவரும் சொல்லவில்லை.) 1827 இல் இவையெல்லாம் ஒன்றாக்கப்பட்டு 'சிலோன் ரைபிள் ரெஜிமென்ட்' என்று பெயர் பெற்றன. பெயர் எதுவானாலும் அதில் பெரும்பான்மை மலாயர். நம்மைப் போலத் தொழுது, நோன்பு பிடித்து, நம்மைப் போலவே அடக்கப்பட்டவர்கள்.

1803 இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்கப் போய் மாட்டிக்கொண்டார்கள். மேஜர் டேவி சரணடைந்தார். அவருடன் இருந்த மலாய்ப் படையின் கப்டன் நூர்தீனைக் கண்டி மன்னன் தன் பக்கம் வரும்படி அழைத்தான். 'ஒரு எசமானுக்குச் சத்தியம் செய்தவன் நான்' என்ற நிலையில் அவர் மறுத்தார், கொல்லப்பட்டார். போஸ்டர் போடுகிறவர்கள் இந்த இடத்தில் கண் கலங்குவார்கள். ஆனால் அதே 1803 இல் கண்டி மன்னனுக்காகச் சண்டை செய்த மலாய்ப் படையும் இருந்தது. அதன் தலைவன் சங்குங்லோ அந்தச் சண்டையில்தான் இறந்தான். இருவரும் ஒரே தகப்பனின் பிள்ளைகள், நாடுகடத்தப்பட்ட கோவா அரசனின் புதல்வர்கள். ஒருவன் ஆங்கிலேயனுக்காகவும் மற்றவன் கண்டிக்காகவும் செத்தான். இவர்களில் யாருடைய படத்தைப் போஸ்டரில் போடப்போகிறீர்கள்?

இன்னும் கேளுங்கள். 1818 ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை அடக்கிய படைகளில் மலாயர் இருந்தார்கள். 1848 மாத்தளைக் கிளர்ச்சியை அடக்கப் போனதும் இதே ரைபிள் ரெஜிமென்ட்தான். சிங்களப் பாடசாலையில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு வீரபுரன் அப்பு வீரன். அவனைச் சுட்ட ஆட்சியின் துப்பாக்கி நம்மவர் தோளில் தொங்கியது. அப்படியிருக்க 'நாட்டுக்கு விசுவாசமாக இருந்தோம்' என்று ரெஜிமென்ட் வரலாற்றைத் தூக்கிக் காட்டினால், எந்த நாட்டுக்கு என்று அந்தப் பிள்ளை திருப்பிக் கேட்கும். அது நியாயமான கேள்வி. சம்பளம் கொடுத்தவனுக்கு விசுவாசமாக இருந்தார்கள். சிப்பாய் எல்லா நாட்டிலும் அப்படித்தான்.

கடைசியில் என்ன கிடைத்தது? 1873 இல் செலவு கூடிப்போயிற்று என்று ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது. ஹொங்கொங் வரை போய்க் காவல் நின்ற படை அது. பிரித்தானிய முடிக்கு அப்படி உழைத்தவர்கள் பொலிஸுக்கும், சிறைக்காவலுக்கும், தீயணைப்புக்கும், தோட்டங்களுக்கும் வேலை தேடிப் போனார்கள். கொழும்பில் கொம்பனித்தெருப் பக்கம் போனால் ரைபிள் தெரு, மலே தெரு, ஜாவா லேன் என்று வீதிப் பெயர்கள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

அடுத்தது சுதந்திரத்துக்குப் பிறகு. 1949 ஒக்டோபர் 10 இல் இலங்கை இராணுவம் சட்டப்படி உருவாகும்போது எல்லாச் சமூகத்தவரும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த காலாட்படைப் பிரிவுகளின் பெயர்களை மட்டும் வரிசையாக வாசியுங்கள். தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956 ஜூன் கழிந்து, அதே ஆண்டு ஒக்டோபர் 1 இல் சிங்கப் படையணி. 1962 ஜனவரியில், பெரும்பாலும் கிறிஸ்தவ அதிகாரிகள் சேர்ந்து திட்டமிட்ட சதிப்புரட்சி முளையிலேயே பிடிபட்டது. சில தொண்டர் பிரிவுகள் கலைக்கப்பட்டன. அந்த ஆண்டு டிசம்பரில் கெமுனு படையணி. கறுப்பு ஜூலை முடிந்து மூன்று மாதம் ஆகுமுன், 1983 ஒக்டோபர் 14 இல் கஜபா படையணி. அப்புறம் விஜயபாகு. 1881 இல் ஆங்கிலேயர் தொடங்கிய, பெயரில் யாருமே இல்லாத இலேசாயுதக் காலாட்படைக்குக்கூட ஊர்வலத்தில் நடக்க ஒரு யானை இருக்கிறது. அதன் பெயர் கண்டுல. துட்டகெமுனு எல்லாளனோடு போரிட ஏறிப்போன யானையின் பெயர்.

ஒரு நாட்டின் படை தனக்கு என்ன பெயர் வைக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. காலையில் அணிவகுப்பில் நிற்கும் இருபது வயதுப் பையனுக்கு அந்தப் பெயர்தான் வரலாற்றுப் பாடம். அந்தப் பெயர்களுக்குள்ளே நம் பையன் ஒருவன் போய் நிற்கலாம், நின்றார்கள், செத்தும் இருக்கிறார்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவில் விசேட படையணியைக் கொண்டு இறங்கி அங்கேயே உயிர்விட்ட கேணல் பஸ்லி லாபிருக்கு நாட்டின் அதியுயர் வீரவிருதான பரம வீர விபூஷணம் கிடைத்தது. 2005 மே 31 இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட நிசாம் முத்தலிப் இராணுவப் புலனாய்வு அதிகாரி. இவர்களை மதிக்கிறோம். ஆனால் இவர்களை நமக்கான நன்னடத்தைச் சான்றிதழாக மாற்றும்போது நாமே அவர்களைச் சிறுமைப்படுத்துகிறோம்.

(இடையில் ஒன்று. கஜபாகு என்ற பெயர் நம் கரைக்குப் புதிதில்லை. காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயில்காரரிடம் கேட்டால், கண்ணகிக்குச் சேரன் எடுத்த விழாவுக்குப் போன இலங்கை மன்னன் என்று சொல்வார்கள். சிலப்பதிகாரத்தில் வருகிறான். தமிழரும் சிங்களவரும் சேர்ந்து கும்பிடும் தெய்வத்தின் கதையில் வரும் ஒருவனை, படையணியின் பெயராக்கும்போது அந்தக் கதை மட்டும் எங்கேயோ விழுந்துவிட்டது.)

இதெல்லாம் இலங்கையின் கேடு, வெளிநாட்டில் இப்படி இல்லை என்று நினைக்கிறவர்களுக்காக, உலகத்துக்கே ஜனநாயகம் படிப்பிக்கிற அமெரிக்காவையும் பார்ப்போம். அங்கே கறுப்பர்களுக்குத் தனி ரெஜிமென்ட்கள் இருந்தன. 1866 முதலே இருந்தன. முதலாம் உலகப் போரில் நியூயோர்க் ஹார்லத்துக் கறுப்பர்களின் 369 ஆவது காலாட்படை ரெஜிமென்ட் பிரான்சுக்குப் போனது. வெள்ளைப் படையோடு சேர்த்துக்கொள்ள விருப்பமில்லாமல் அவர்களைப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார்கள். 191 நாள் போர்முனையில் நின்றார்கள். பிரான்ஸ் பதக்கம் கொடுத்தது. 1919 பெப்ரவரியில் ஐந்தாம் அவெனியூவில் பெரிய ஊர்வலம். அதே 1919 இன் கோடையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பர்கள் மீது வெள்ளைக் கும்பல்கள் பாய்ந்தன. போருக்குப் போய்வந்தவன் என்று ஒருவனையும் விடவில்லை. சீருடையில் இருந்த கறுப்பனைக் கண்டால் கோபம் இன்னும் கூடியது.

இதைவிடக் கொடுமை ஜப்பானிய வம்சாவளியினரின் கதை. 1942 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 ஆம் இலக்க ஆணையில் கையெழுத்திட்டார். சுமார் 120,000 பேர், பெரும்பான்மையோர் அமெரிக்கப் பிரஜைகள், முள்வேலி முகாம்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். அடுத்த வருடம் அவர்களுடைய பிள்ளைகளைக் கொண்டே 442 ஆவது ரெஜிமென்ட் அமைக்கப்பட்டது. தாயும் தகப்பனும் முகாமில், மகன் இத்தாலியில் சண்டையில். 1944 ஒக்டோபரில் பிரான்சின் மலைக்காட்டில் சிக்கிய டெக்சாஸ் படைப்பிரிவின் 211 பேரை மீட்க, இவர்களில் ஏறக்குறைய 800 பேர் செத்தும் காயப்பட்டும் போனார்கள். ஆள்தொகைக்கும் காலத்துக்கும் பார்த்தால் அமெரிக்க வரலாற்றிலேயே அதிகம் விருது பெற்ற படைப்பிரிவு இது. அதில் வலது கையை இழந்த டேனியல் இனோயே, சீருடையோடும் பதக்கத்தோடும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சலூனுக்குப் போனார். ஜப்பான்காரனுக்கு முடி வெட்டுவதில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிற்காலத்தில் அவர் செனட்டரானார் என்று சந்தோசப்படலாம். அந்தச் சலூன் கதவு அன்றைக்குத் திறக்கவில்லை என்பதுதான் நம் விஷயம்.

முகாமில் அடைத்ததற்கு அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது 1988 இல். உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டொலர் கொடுத்தது. 442 இன் பதக்கங்கள் பேச்சில் உதவியிருக்கலாம். ஆனால் வேலையைச் செய்தது, நீதிமன்றத்துக்குப் போனவர்களும், வருடக்கணக்காக ஆணைக்குழுவின் முன் சாட்சி சொன்னவர்களும், சட்டமூலம் எழுதியவர்களும். கறுப்பர்களின் கதையும் இதேதான். படையில் இனப்பிரிவினையை ஒழிக்கும் ஆணை 1948 ஜூலை 26 இல் வந்தது. பிலிப் ரண்டோல்ப் என்ற தொழிற்சங்கத் தலைவர், பிரிவினை நீங்காவிட்டால் படைக்கு ஆள்சேர்ப்பையே புறக்கணிப்போம் என்று ஜனாதிபதி ட்ரூமனின் முகத்துக்கு நேரே சொன்ன வருடம் அது. தேர்தல் வருடமும்கூட. ஆறு தலைமுறையாய்ச் சிந்திய இரத்தத்துக்கு அசையாத கதவு, 'இனிச் சிந்தமாட்டோம்' என்றதும் அசைந்தது.

நம் சகோதரரின் 'கை வைத்திருப்பானா' என்ற கேள்விக்கு நேரான பதில் அதே நாட்டில் இன்னொரு இடத்தில் இருக்கிறது. 1957 செப்டெம்பர், ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ரொக் நகரம். வெள்ளையரின் உயர்தரப் பாடசாலைக்கு ஒன்பது கறுப்புப் பிள்ளைகள் போக வேண்டும், நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாநில ஆளுநர் ஆர்கன்சாவின் தேசியக் காவற்படையை வாசலில் நிறுத்தினார். துப்பாக்கியோடு நின்ற படை பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியது. அந்த மாதக் கடைசியில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் 101 ஆவது வான்வழிப் படைப்பிரிவை இறக்கினார், மாநிலக் காவற்படையையும் தன் கட்டளைக்குக் கீழ் எடுத்தார். முதலில் பிள்ளைகளைத் தடுத்த அதே காவற்படைதான் பிறகு அந்தப் பிள்ளைகளுக்குக் காவல் நின்றது. மாறியது கட்டளை போட்டவர் மட்டும். மூன்று வாரத்தில்.

நாங்கள் ஆசிரியர்கள் என்பதால் அந்த ஒன்பது பிள்ளைகளை விட்டு எங்கள் மனம் நகர மறுக்கிறது. அந்த வாசலில் எந்த இனத்தவன் துப்பாக்கி பிடித்திருந்தான் என்பதில் அவர்கள் பாதுகாப்பு தங்கியிருக்கவில்லை. நீதிமன்றத்தின் சொல்லுக்கு மேலே இருப்பவன் கட்டுப்பட்டானா என்பதில் தங்கியிருந்தது. அம்பாறை நகரில் 2018 பெப்ரவரி 26 இரவு, சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை என்ற முட்டாள்தனமான வதந்தியில் பள்ளிவாசல் தாக்கப்பட்டபோது, இந்த மாவட்டத்தில் படைக்கும் பொலிஸுக்கும் குறைவா இருந்தது? ஒரு வாரத்தில் திகன. அடுத்த வருடம் மினுவாங்கொடை. சீருடை எல்லா இடத்திலும் நின்றது. சரியான நேரத்தில் சரியான கட்டளைதான் வரவில்லை.

இனி, கொமண்டில் ஒருவரும் எழுதாததை எழுதுகிறோம். எழுதுவதற்குக் கை நடுங்குகிறது, ஆனாலும்.

நமக்கென்று ஒரு படை நம் காலத்திலும் இருந்தது. ஊர்காவற்படை. 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் குவித்தார்கள், நூற்றுக்கு மேல் மௌத்து. ஒரு கிழமை கழித்து ஏறாவூர். அந்தப் பயத்தில், அந்த வேதனையில் நம் ஊர்களின் பையன்கள் துப்பாக்கி எடுத்தார்கள். இரவு முழுக்க எல்லையில் விழித்திருந்தார்கள், பலர் திரும்பி வரவில்லை. அவர்களை மறக்க மாட்டோம். ஆனால் அதே ஓகஸ்ட் 12 ஆம் திகதி சம்மாந்துறைக்குப் பக்கத்தில், வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். காத்தான்குடிப் பள்ளிவாசலில் நம்மவர் எப்படி நிராயுதபாணிகளோ, அப்படியே அவர்களும். அந்தக் கொலைகளில் முஸ்லிம் ஊர்காவற்படையினரின் பெயரும் பேசப்படுகிறது. வீரமுனைக்காரரும் அதைத்தான் முப்பது வருடமாகச் சொல்கிறார்கள். நாம் பதில் சொல்லவில்லை. பேச்சை மாற்றிவிடுகிறோம்.

'எங்களுக்கென்று ஒரு படை' என்று இதயம் போட்டவர்கள் இதையும் சேர்த்துத்தான் கேட்கிறீர்கள். பழிவாங்கும் மனதோடு இருக்கும் பையனிடம் துப்பாக்கியைக் கொடுத்து, மேலே இருக்கும் யாரோ 'போ' என்றால் அவன் போவான். நம் பையனும் போவான். எங்கள் வகுப்பறைக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகள் விளையாடும் சத்தம் கேட்கிறது. நாளைக்கு நம் ரெஜிமென்ட் இந்தச் சந்தியில் நின்றால் அந்தப் பிள்ளைகளின் உம்மாமார் என்ன செய்வார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். 1990 இல் நம் உம்மாமார் செய்ததையே செய்வார்கள்: பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள்.

அந்த ஊர்காவற்படைக்கும் கடைசியில் என்ன ஆயிற்று? 2006 இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்று பெயர் மாறியது. ஆபத்து நேரத்தில் முன்வரிசை, அது முடிந்தால் ஒருவருக்கும் ஞாபகமில்லை. 1873 இலும் அப்படித்தான்.

ஜனாஸா விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2020 ஏப்ரல் வர்த்தமானியோடு கொரோனாவில் மௌத்தானவர்களை எரிப்பது கட்டாயமாயிற்று. பரம வீர விபூஷணம் பெற்ற ஒருவர் பிறந்த சமூகம் என்று அந்த வர்த்தமானி ஒரு வரி விலக்கு வைத்ததா? இல்லை. இருபது நாள் குழந்தையையும் எரித்தார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம். அதை நிறுத்தியது எது? வெள்ளைத் துணி கட்டியவர்கள், வழக்குப் போட்டவர்கள், உண்மை பேசிய வைத்திய நிபுணர்கள், ஜெனீவாவின் அழுத்தம், நமக்காகக் குரல் கொடுத்த தமிழ், சிங்கள நண்பர்கள். போஸ்டர் அந்த வரிசையில் இல்லை. பிறகு ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தபோது ஜனாஸாக்களை இராணுவ மேற்பார்வையில்தான் கொண்டுவந்தார்கள். அதே சீருடை. கட்டளை மாறியிருந்தது.

அப்படியானால் நம் பிள்ளைகள் படைக்குப் போகக் கூடாதா என்று கேட்பார்கள். போகட்டும். அது ஓர் அரச தொழில், சம்பளம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. தமிழ் பேசுகிறவனுக்கும் ஆள்சேர்ப்பில் சம இடம் கொடு, அவனுடைய மொழியிலும் கட்டளையை விளங்கவை என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. கேட்க வேண்டும். பொதுப்படையில் எல்லோரும் இருப்பதும் தனிப்படை கேட்பதும் ஒன்றல்ல. இதில் நாங்கள் சண்டைக்கு நிற்கவில்லை. நாங்கள் எதிர்ப்பது அந்தப் போஸ்டரின் பின்னாலிருக்கும் கெஞ்சலை. பிரஜையாய்ப் பிறந்தவன் வீட்டில் நிம்மதியாய்த் தூங்க, முதலில் யாராவது சாக வேண்டும் என்ற கணக்கை நாமே ஒப்புக்கொள்கிறோமே, அதை. கூலி வேலை செய்து யாருக்கும் தெரியாமல் மௌத்தான நம் வாப்பாமாருக்கும் இந்த நாட்டில் அதே உரிமை இருந்தது.

கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன. அம்பாறை, திகன, மினுவாங்கொடை வழக்குகள் எங்கே நிற்கின்றன, எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள் என்று நம் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள். கல்யாண வீட்டில் கைகுலுக்கும்போதே கேளுங்கள். காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும் நீதி கேட்கும் அதே வாயால் வீரமுனைக்கும் கேளுங்கள். ரைபிள் ரெஜிமென்ட்டின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், நூர்தீனை மட்டும் சொல்லிவிட்டுச் சங்குங்லோவை மறைக்காமல். நாங்கள் தரம் 10 வகுப்பில் சொல்லத் தொடங்கிவிட்டோம். முதல் நாளே ஒரு பிள்ளை கேட்டது, "சேர், ரெண்டு பேரும் ஒரே வாப்பாட மக்களெண்டா, மையத்துக்கு யார் போனது?" பதில் தெரியவில்லை.

பதிவைப் பகிர்வதென்றால் முழுவதையும் பகிருங்கள். வீரமுனைப் பகுதியை வெட்டிவிட்டுப் பகிர வேண்டாம்.